மீன் டிரம்

டிரம் கழுவும் கொட்டகையில் எந்த டிரம் எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்வது ஒரு மூக்கு. நாளடைவில் அந்த மூக்கை வைத்திருந்தவளுக்கும் அதுவே பெயராகிவிட்டது. வயதில் சின்னவர்கள் மரியாதைக்காக ஓர் அக்காவைச் சேர்த்து மூக்கக்கா என்பார்கள். சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே ஒரு நொடி கழித்துத்தான் திரும்புவாள்.

லாரி வந்து நிற்கும். இடுப்புக்கு மேல் உயரமுள்ள நீலப் பிளாஸ்டிக் டிரம்கள் தடதடவென்று உருண்டு இறங்கும். எங்கோ ஒரு தொழிற்சாலைக்காக எதையோ சுமந்து காலியானவை. கழுவுகிற பெண்கள் தொடுவதற்கு முன்னால் மூக்கு வரிசையாகப் போய், ஒவ்வொன்றின் மூடியையும் கழற்றி, தலையைக் கழுத்துவரை உள்ளே விட்டு, ஒரே ஓர் இழுப்பு இழுப்பாள். வெளியே வந்ததும் தீர்ப்பைச் சொல்லிவிடுவாள். "இது பெயிண்ட்காரனுக்கு." "இது எண்ணெய்க் கடைக்கு." "இதை உடைச்சுத் தூளாக்குறவன்கிட்ட தள்ளு." எப்போதாவது, "இது தண்ணிக்கு ஆகும்." தண்ணீருக்கு ஆகும் என்றால் சாக்கட்டியால் ஒரு வட்டம். வட்டம் விழுந்த டிரம்மைப் பற்றி மேஸ்திரிகூட மறுபேச்சுப் பேசமாட்டார். பன்னிரண்டு வருடத்தில் ஒரு டிரம்கூட நாற்றம் என்று திரும்பி வந்ததில்லை.

சுற்றியிருந்த தெருக்களில் குழாய்த் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் வரும். பெரிதாக ஒரு டிரம் இல்லாமல் எந்த வீட்டிலும் குடும்பம் நடத்த முடியாது. புதிதாக ஒன்று வாங்குகிற விலைக்குக் கழுவியது மூன்று கிடைக்கும். ஆகவே கொட்டகைக்கு வேலை குறைந்ததேயில்லை. வாசலில் பச்சை இலை வரைந்த ஒரு பலகையும் இருந்தது: 'எறிய வேண்டாம். மீண்டும் பயன்படுத்துவோம். பூமியைக் காப்போம்.' மூக்குக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். பலகை மாட்டிய அன்று முழுதாகப் படித்து முடித்துவிட்டு, "பரவாயில்லையே, நாமதான் பூமியைக் காப்பாத்திட்டு இருக்கோமாம். கூலி குடுக்கிறப்ப மட்டும் அது யாருக்கும் ஞாபகம் வரமாட்டேங்குது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆனாலும் அந்தப் பலகை அவளுக்கு உள்ளூரப் பிடித்திருந்தது.

டிரம்களின் மேல் ஒட்டியிருந்த தாளில் எழுத்துகள் பொடிப்பொடியாக ஏதோ வேற்று மொழியில் இருக்கும். அதை யாரும் சட்டை செய்வதில்லை. படங்கள் வேறு விஷயம். சிவப்புக் கட்டத்துக்குள் கறுப்புப் படங்கள். மண்டை ஓடு போட்டிருந்தால் சின்னப் பிள்ளைக்கும் புரியும். அதைத் தனியாக ஒதுக்கிவிடுவார்கள். கையின் மேல் சொட்டுச்சொட்டாக ஏதோ ஊற்றுகிற படத்துக்குக் கைகழுவுகிற சோப்பு என்று அர்த்தம் வைத்திருந்தார்கள். நெஞ்சில் நட்சத்திரம் வெடித்தாற்போல ஒரு மனிதன் இருந்தால் அதற்குப் பெயர் ஹீரோ. எல்லாவற்றையும்விட மதிப்பு ஒரு படத்துக்குத்தான். ஒரு மரம், பக்கத்தில் தண்ணீர், கரையில் ஒரு மீன்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில் அந்தப் படத்துக்கு அர்த்தம் சொன்னவள் மூக்குதான். "மரம் இருக்கு, தண்ணி இருக்கு, மீன் துள்ளுது. இதுக்கு மேல என்ன வேணும்? தண்ணிக்குன்னே செஞ்ச டிரம் இது." முகர்ந்தும் பார்த்தாள். பெரும்பாலும் வாசனையே இருக்காது. அதற்கப்புறம் அதுவே கொட்டகையின் சட்டமாகிவிட்டது. மண்ணெண்ணெய் தடவித் தாளைச் சுரண்டும்போது மற்றதையெல்லாம் எடுத்துவிட்டு அந்த மீனை மட்டும் விட்டுவைப்பார்கள். வாங்க வருகிறவர்களும், "மீன் போட்டது இருக்கா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அக்கம்பக்கத்துத் தெருக்களில் பெண்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள்: மீன் இருக்கான்னு பாத்து வாங்கு, மூக்கு சொன்னது.

தங்கை தனிக்குடித்தனம் போனபோது அவள் கொடுத்த சீரும் அதுதான். நாற்பது டிரம் வந்த லாரியில் தலைவிட்டுத் தலைவிட்டு ஒன்றைப் பொறுக்கி, தானே மூன்று முறை கழுவி, தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய் அடுக்களை மூலையில் நிறுத்தினாள். "பானை சட்டி யார் வேணாலும் குடுப்பாங்க. இது மாதிரி ஒரு டிரம் உங்க அக்காதான் குடுப்பா" என்றாள். அவளுக்கென்று வேறு யாரும் இல்லை. கட்டினவன் ஆறாம் மாதமே எவளுடனோ போனவன், போனவன்தான். கொட்டகைக்கு இரண்டு நிறுத்தம் தள்ளி ஒற்றை அறையில் இருந்தாள். ஒற்றை ஆளுக்கு இரண்டு குடம் போதும் என்று டிரம்மே வைத்துக்கொள்ளவில்லை.

அது நடந்து எட்டு வருடம். தங்கைக்கு அப்போது கைக்குழந்தையாக இருந்த பெண் இப்போது நான்காம் வகுப்புப் படிக்கிறாள். அடுத்து பிறந்த பையன் நான்கு வயதில் போய்விட்டான். வயிறு உப்பி, கண் மஞ்சளாகி, மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தான். "ஈரல் கெட்டுப்போச்சு. எதனாலன்னு சொல்ல முடியலை" என்று டாக்டர் சொன்னார். அதுவும் இரண்டு வருடமாகிவிட்டது. அந்த வீட்டில் அவனைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேசாமல் இருப்பது எல்லோருக்கும் பழகியிருந்தது.

*

வகுப்பு எடுக்க ஒரு டீச்சர் வரப்போகிறார் என்று மேஸ்திரி ஒரு சனிக்கிழமை சொன்னார். டிரம் வாங்குகிற பெரிய கம்பெனி ஒன்று, பயிற்சி கொடுத்ததாகச் சான்றிதழ் இருந்தால்தான் வாங்குவேன் என்றுவிட்டதாம். மூன்று நாள், மதியச் சாப்பாட்டு வேளையில்.

"சாப்பாட்டு நேரத்துல எதுக்கு? வேலை நேரத்துல வெச்சா என்னவாம்?" என்றாள் கட்டைக்குரல். அவளும் பழைய ஆள். அவள் முணுமுணுத்தாலே தெருமுனைவரை கேட்கும்.

"வேலை நேரத்துல படிச்சா அறிவு அதிகமாகிடுமாம். அளவாத்தான் குடுப்பாங்க" என்றாள் மூக்கு.

டீச்சர் சின்னப் பெண். தோளில் ஒரு துணிப்பை, கையில் சுருட்டிய படங்கள். கவிழ்த்துப் போட்ட டிரம் ஒன்றில் உட்கார்ந்துகொண்டு, "உங்ககிட்டயும் நான் கத்துக்கணும்" என்று ஆரம்பித்தாள். பெண்களுக்கு அவளைப் பிடித்துவிட்டது.

"டீச்சர், வீட்டுப்பாடம் மட்டும் குடுத்துடாதீங்க. எங்க மாமியாருக்கு ஏற்கெனவே என்மேல சந்தேகம்" என்றாள் ஒருத்தி.

முதல் நாள் கையுறை. இரண்டாம் நாள், கண்ணில் தெறித்தால் எவ்வளவு நேரம் கழுவ வேண்டும் என்பது. புதன்கிழமை படங்களைச் சுவரில் ஒட்டினாள். அர்த்தத்தை அவளாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றாகக் காட்டி, "இது என்னன்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டாள்.

மண்டை ஓட்டுக்கு எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். சோப்பு என்று கைப்படத்துக்குச் சொன்னபோது டீச்சர் சிரிக்கவில்லை. கையைத் தின்கிற அமிலம் என்று பொறுமையாகச் சொன்னாள். கட்டைக்குரல் தன் கையைப் புரட்டிப் பார்த்துக்கொண்டாள். ஹீரோவைக் காட்டியபோது கொட்டகையே கலகலத்தது. அது உடம்புக்குள்ளே மெதுவாக வேலை செய்கிற விஷம், ஈரலையோ நுரையீரலையோ பிடித்துக்கொள்ளும், வருடக்கணக்கில்கூட வெளியே தெரியாது என்றாள் டீச்சர். சிரிப்பு அடங்கியது.

"சரி, இது?"

"நல்ல தண்ணி!" என்றார்கள் எல்லோரும் ஒரே குரலில். மீன் படத்தைப் பார்த்ததும் அவர்களுக்குப் போன உற்சாகம் திரும்பியிருந்தது. இதிலாவது ஜெயித்துவிட்டோம் என்ற முகம் எல்லோருக்கும்.

டீச்சர் படத்தைப் பிடித்தபடியே நின்றாள். "இது நல்ல தண்ணின்னு யார் சொன்னா?"

எல்லோரும் மூக்கைப் பார்த்தார்கள். பெருமையாகத்தான் பார்த்தார்கள். "எங்களுக்கு இவங்கதான் ப்ரொபசர்" என்றாள் கட்டைக்குரல்.

"மரம், தண்ணி, மீன். மீன் துள்ளுதுல்ல" என்றாள் மூக்கு.

டீச்சர் படத்தைச் சுவரிலிருந்து எடுத்து அவள் பக்கத்தில் கொண்டுவந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "கிட்டத்துல பாருங்கக்கா. மரத்துல இலை இருக்கா?"

இல்லை.

"மீனோட வயிறு எந்தப் பக்கம் இருக்கு?"

மூக்கு பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக ஆயிரம் முறை பார்த்த படம். கைவிரலால் அந்த மீனின் முதுகைத் தேடினாள்.

"அது துள்ளலைக்கா. செத்துக் கெடக்கு. இதுல இருந்தது தண்ணியில கலந்தா தண்ணியில இருக்கிற உயிரெல்லாம் செத்துடும்னு அர்த்தம். இந்த மீன்கூட ஒட்டி வேற படமும் இருந்திருக்கும். ஹீரோன்னீங்களே, அது மாதிரி. அதைச் சுரண்டிட்டீங்களா?"

ஒருத்தி மண்ணெண்ணெய் டப்பாவைக் காலால் டிரம்முக்குப் பின்னால் தள்ளினாள்.

"ஆனா வாசனையே இருக்காதே" என்றாள் மூக்கு.

"வாசனை இல்லாததும் இருக்கும்."

"மூணு தடவை கழுவினாலும்?"

"பிளாஸ்டிக் கொஞ்சம் குடிச்சு வெச்சுக்கும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா விடும். டிரம்மை மறுபடி உபயோகிக்கிறது நல்ல காரியம்தான், நான் வேண்டாங்கலை. எதுல என்ன இருந்துச்சுன்னு தெரிஞ்சு உபயோகிக்கணும். குடிக்கிற தண்ணிக்கு எதுவுமே கூடாது." பிறகு அவள் எல்லோரையும் பார்த்துக் கேட்டாள்: "யார் வீட்டுல எல்லாம் இருக்கு?"

கை தூக்கியவர்கள் ஒருவரும் இல்லை. தூக்கத் தேவையிருக்கவில்லை. சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று மேஸ்திரி தகரத்தைத் தட்டினார்.

எல்லோரும் எழுந்து போனபின் டீச்சர் மூக்கின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தங்கையின் பையனைப் பற்றிக் கட்டைக்குரல் அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். அல்லது மூக்கின் முகமே சொல்லியிருக்கும்.

"அதனாலதானா டீச்சர்?" என்று கேட்டாள் மூக்கு.

"எனக்குத் தெரியாதுக்கா. அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது." பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "இல்லைன்னும் சொல்ல முடியாது" என்றாள். "நான் ஆபீஸ்ல எழுதிக் குடுப்பேன். அவங்க வர நாளாகும். உங்களுக்குத்தான் எந்தெந்த வீடுன்னு தெரியும். இன்னைக்கே போய்ச் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றாள் மூக்கு.

*

அன்று மாலை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்தில் இடம் கிடைத்தது. தங்கை வீட்டு நிறுத்தம் அவள் நிறுத்தத்துக்கு ஒன்று முந்தியது. பஸ் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் கிளம்பியது.

சொல்லிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்தாள். டிரம்மைத் தூக்கி எறிவார்கள், அது சரி. அப்புறம் தங்கை ஒவ்வொரு நாளாகப் பின்னால் போய்ப் பார்ப்பாள். எந்தெந்த டம்ளர், எந்தெந்தப் பால்புட்டி. மறுபடியும் அந்த மூன்று மாதத்துக்குள் போவாள். இந்த முறை தெரிந்துகொண்டு போவாள். எதற்காக? செத்தவன் வரப்போகிறானா? அதைவிட, சத்தமில்லாமல் ஒரு புது டிரம்மை வாங்கிக்கொண்டு போய் வைத்துவிட்டுப் பழையதை எடுத்து வந்துவிட்டால் யாருக்கும் நோகாது. சனிக்கிழமை கூலி வரும். ஞாயிறு விடுமுறை. மூன்றே நாள்தானே.

வியாழக்கிழமை காலையில் அவள் ஒரு டிரம்முக்குள்ளும் தலையை விடவில்லை. "ஜலதோஷம், மூக்கு அடைச்சிருக்கு" என்றாள்.

"உனக்கே மூக்கு அடைச்சா நான் கொட்டகையை அடைக்க வேண்டியதுதான்" என்றார் மேஸ்திரி. அவர் ஏற்கெனவே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். "அந்தப் பொண்ணு ஏதோ சொல்லிட்டுப் போயிருக்கு. எதுக்கு வம்பு? இனிமே மீனையும் சேத்துச் சுரண்டிடுங்க." கட்டைக்குரல் சுரண்டியைக் கீழே வைத்துவிட்டு, முதல்முறையாக, காதுக்கே எட்டாத குரலில் ஏதோ சொன்னாள். தன் வீட்டு டிரம்மை நேற்றே தெருவில் உருட்டிவிட்டுவிட்டதாக அவள் மூக்கிடம் சொன்னாள். "நீ உன் தங்கச்சிகிட்ட சொல்லிட்டியா?"

"ம்" என்றாள் மூக்கு.

வியாழன் மாலை பஸ் அந்த நிறுத்தத்தில் நின்றது. வெள்ளி மாலையும் நின்றது. வெள்ளிக்கிழமை, இறங்குகிறவர்களுக்காக அவள் முழங்காலை ஒடுக்கி வழிகூட விட்டாள்.

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் பாத்திரக் கடைக்காரரின் வண்டியில் புது டிரம்மை வைத்துக்கொண்டு போனாள். வெள்ளை நிறம், உள்ளே நாசி எரிகிற புதுப் பிளாஸ்டிக் வாசனை. தங்கை வாசலில் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"என்னக்கா இது, திடீர்னு? கொட்டகையை உன் பேருக்கு எழுதி வெச்சுட்டாங்களா?"

"சும்மாதான். பழசு விரிசல் விட்டிருக்கும்னு நெனச்சேன்."

"அதுவா? அது உன்னை மாதிரி. நாம எல்லாரும் போனப்புறமும் நிக்கும்." தங்கை கையைத் துடைத்துக்கொண்டு புது டிரம்மைத் தட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு. பின்பக்கம் வெச்சுக்கறேன், துணி துவைக்கிற தண்ணிக்கு ஆகும்."

"இல்லை, இதைக் குடிக்கிற தண்ணிக்கு வெச்சுக்கோ. அதை நான் எடுத்துட்டுப் போறேன். கொட்டகையில கேக்கறாங்க."

தங்கையின் முகம் மாறியது. "அதைக் குடுக்க மாட்டேன்க்கா."

"ஏண்டி, ஒரு டிரம்தானே."

தங்கை அவளை அடுக்களைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஜன்னல் வெளிச்சம் நேராக அந்த மூலையில் விழுந்தது. மூக்கு எத்தனையோ முறை இந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். டிரம்மைக் கொண்டுவந்து நிறுத்திய நாளுக்கப்புறம் எப்போதும் முன்னறையோடு சரி. டிரம்மில் மீன் படம் கொஞ்சம் வெளிறி இருந்தது. அதைச் சுற்றி, பழங்களின் மேல் ஒட்டியிருக்குமே, அந்தக் குட்டிக் குட்டி ஸ்டிக்கர்கள். பத்துப் பதினைந்து இருக்கும். எல்லாம் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், மீனின் வாய்க்கு நேராகக் கூட்டமாக ஒட்டியிருந்தன.

"மீனுக்குச் சாப்பாடாம்" என்றாள் தங்கை. "பழம் வாங்கினா உரிக்கிறதுக்கு முன்னாடி ஓடி வருவான். நான் இதைத் தேய்க்கிறப்பகூடத் தண்ணி படாம தேய்க்கிறேன். இதைப் போய்க் கேக்கறியே."

இரண்டு வருடத்தில் அவள் அவனைப் பற்றி இவ்வளவு பேசியது அதுதான் முதல்முறை. லேசாகச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மூக்கு கொண்டுவந்த பொய்யில் இதற்கு இடமில்லை.

"சரி, இது இங்கேயே இருக்கட்டும். தண்ணி மட்டும் இதுல வேண்டாம்."

"ஏன்?"

அப்போதுதான் பெண் உள்ளே ஓடி வந்தாள். தெருவில் விளையாடி வேர்த்திருந்தாள். "பெரியம்மா, எப்ப வந்தீங்க?" என்று கேட்டபடியே டம்ளரை எடுத்து டிரம்முக்குள் விட்டு மொண்டாள். வாய்க்குக் கொண்டுபோவதற்குள் மூக்கு அவள் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். பிடித்த வேகத்தில் டம்ளர் தெறித்துச் சுவரில் பட்டு உருண்டது. பெண்ணின் சட்டையெல்லாம் நனைந்தது. பயத்தில் அவளுக்கு அழக்கூட வரவில்லை.

"என்னக்கா?" என்றாள் தங்கை. "என்ன விஷயம், சொல்லு."

மூக்கு சொன்னாள். மரத்தில் இலை இல்லாததைச் சொன்னாள், மீனின் வயிற்றைச் சொன்னாள், வாசனை இல்லாத விஷம் உண்டு என்பதைச் சொன்னாள். டாக்டராலும் டீச்சராலும் உறுதியாகச் சொல்ல முடியாது என்பதையும் சொன்னாள். சொல்லும்போது தங்கையின் முகத்தைப் பார்க்காமல் அந்த ஸ்டிக்கர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தங்கை டிரம்மின் விளிம்பில் கை வைத்திருந்தாள். கையை எடுக்கவில்லை. "உனக்குத் தெரியாதில்ல?" என்றாள்.

"சத்தியமாத் தெரியாதுடி. தெரிஞ்சா குடுப்பேனா? உனக்குப் போயி?"

"தெரியாம செஞ்சது. யாருக்கும் தெரியலை. எனக்கும்தான் கண்ணு இருக்கு, நானும் தெனம் பாத்தேன், செத்த மீனுன்னு எனக்கும் தோணலை." அக்காவைச் சமாதானப்படுத்துகிற குரலில்தான் சொன்னாள். பிறகு ஏதோ நினைவு வந்தவளாகக் கேட்டாள்: "டீச்சர் எப்ப சொன்னாங்க?"

"புதன்கிழமை."

தங்கை டிரம்மின் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள்.

"புதன்கிழமை சாயங்காலம் நீ நம்ம பஸ்லதானே போனே?"

"ஆமா."

"வியாழக்கிழமை?"

"ஆமா."

"இறங்கலையே அக்கா."

"வெறுங்கையோட எப்படி வர்றதுன்னு... கூலி வந்ததும் புதுசா ஒண்ணு வாங்கிட்டு..."

"வெறுங்கையோட வந்திருக்கலாமே. ஒரு வார்த்தைதானே. அதுல தண்ணி குடிக்காதேன்னு ஒரு வார்த்தை." தங்கை குரலை உயர்த்தவில்லை. பெண்ணை இழுத்துத் தன் மேல் சாய்த்துக்கொண்டு நனைந்த சட்டையைக் கழற்றத் தொடங்கினாள். "எட்டு வருஷம் நீ தெரியாம செஞ்சே. அதை நான் எப்படியோ தாங்கிக்குவேன். இந்த நாலு நாள் இவ குடிச்சதை எங்க வெக்கிறது, சொல்லு?"

மூக்கு உருண்டு கிடந்த டம்ளரை எடுத்து நிமிர்த்தி வைத்தாள். அழுவதற்குக்கூட உரிமை வேண்டும் போலிருந்தது.

பெண்ணுக்கு வேறு சட்டை மாட்டிவிட்டபின் தங்கை ஒரு வாளியை எடுத்துவந்து டிரம்மின் முன்னால் வைத்தாள். மொள்ளுவதற்குக் குனிந்தவள் அப்படியே நின்றாள். "இதை எங்க ஊத்தறது?"

மூக்குக்குத் தெரியவில்லை. சாக்கடையில் ஊற்றினால் கால்வாய்க்குப் போகும். பின்பக்க மண்ணில் ஊற்றினால் பத்தடி தள்ளி அடுத்த வீட்டுக் கிணறு. மூன்று நாள் பாடத்தில் அது வரவில்லை, அவளுக்குக் கேட்கவும் தோன்றவில்லை. இருவரும் நிறைந்திருந்த அந்தத் தண்ணீரைப் பார்த்தார்கள். அது தெளிவாக இருந்தது. அடியில் கிடந்த சின்னக் கல் ஒன்றுகூடத் தெரிந்தது. தங்கை மூடியை எடுத்து மூடினாள். வாளியை அதன் மேல் கவிழ்த்து வைத்தாள்.

"இந்தத் தெருவுல இன்னும் எத்தனை வீட்டுக்குக் குடுத்திருக்கே?"

"ஏழு. பின்தெருவுல அஞ்சாறு."

"அவங்களுக்குச் சொல்லிட்டியா?"

"இல்லை."

"அப்புறம் இங்க நின்னு என்ன பண்றே?" என்றாள் தங்கை. "போ."

மூக்கு வாசலைத் தாண்டும்போது பின்னால் பெண் கேட்பது காதில் விழுந்தது. "அம்மா, எனக்கும் கண்ணு மஞ்சளாயிடுமா?" தங்கை என்ன பதில் சொன்னாள் என்று நின்று கேட்க அவளுக்குத் தைரியமில்லை.

*

முதல் வீடு தையல்காரருடையது. அவர் மனைவி கதையைப் பாதி கேட்டதும் சிரித்துவிட்டாள். "நீங்கதானே மீன் பாத்து வாங்குன்னு சொன்னீங்க? நான் எங்க நாத்தனாருக்கும் சொல்லி வாங்க வெச்சேனே." சொன்ன பிறகுதான் அதன் அர்த்தம் அவளுக்கே உறைத்தது. செருப்பைக்கூடப் போடாமல் நாத்தனார் வீட்டுக்கு ஓடினாள்.

இரண்டாவது வீட்டில் ஒரு கிழவர், "எங்களுக்கு ஒண்ணும் ஆகலையே, கல்லு மாதிரி இருக்கோம்" என்று வாதாடினார். மூக்கு தரையில் விரலால் அந்தப் படத்தை வரைந்து காட்டினாள். அவருடைய மருமகள் மட்டும் உள்ளே போய் டிரம்மைப் பார்த்துவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கு இரண்டு முறை கர்ப்பம் கலைந்திருந்தது தெருவுக்கே தெரியும். "அதனாலதானா?" என்று அவளும் கேட்டாள். தெரியாது என்றாள் மூக்கு. இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதை இந்த முறை அவள் விட்டுவிடப் பார்த்தாள். அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் அதையும் சொன்னாள்.

மூன்றாவது வீட்டுக்குப் போகும்போது சொல்ல வேண்டியது சுருங்கிவிட்டது. நான்காவது வீட்டில் இன்னும் சுருங்கியது. ஆனால் போகப்போக அவள் ஒரு வாக்கியத்தைக் கூட்டிக்கொண்டாள். அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொன்னாள். "எனக்கு இது புதன்கிழமையே தெரியும்" என்பது அந்த வாக்கியம். யாரும் அதைக் கேட்கவில்லை. எதற்குச் சொல்கிறாள் என்று யாருக்கும் புரியவுமில்லை. டிரம்மில் என்ன இருந்தது, பிள்ளைகளுக்கு என்ன பரிசோதனை பண்ண வேண்டும், எந்த ஆஸ்பத்திரி, அதைத்தான் கேட்டார்கள்.

ஐந்தாவது வீட்டில் இடுப்பில் குழந்தையோடு நின்றவள் எல்லாவற்றையும் கேட்டு முடித்ததும் மூக்கின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஞாயித்துக்கிழமையும் அதுவுமா வெயில்ல வீடு வீடா வந்து சொல்றீங்களேக்கா. யாரு வருவா இந்தக் காலத்துல? நீங்க நல்லா இருக்கணும்."

"புதன்கிழமையே தெரியும்மா எனக்கு" என்றாள் மூக்கு மறுபடியும்.

"அதனால என்னக்கா, இப்பவாவது சொன்னீங்களே. உக்காருங்க, ஒரு வாய் தண்ணி..." என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மூக்கு கையை விடுவித்துக்கொண்டாள். அந்தத் தெருவில் இன்னும் இரண்டு வீடு இருந்தது. அதற்கப்புறம் பின்தெரு. அடுத்த வீட்டுக் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. அவள் தட்டினாள். கழுவுகிற சத்தம் நிற்கவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள்.